வீட்டு வளவில் முந்திரிகைக் கொடி

கிணற்று நீரும், நாள் முழுவதும் வெயில் படும் சிறு நிலமும் உள்ள வளவொன்றில் முந்திரிகைக் கொடியை வளர்த்துப் பயன்பெறல் இயலும் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் தம் அனுபவத்தாற் காட்டியுள்ளனர். ஒரு கொடிக்குப் பத்து அடி நீளமும் பத்து அடி அகலமுமான பந்தல் போதும். ஆயினும், கொடியை நட்டோர் அனைவரும் பழம் பெறுகின்றனர் அல்லர். பந்தல் நிறைய இலை இருக்க, குலை ஒன்றேனும் இல்லாத வளவுகள் பல. இதற்குக் காரணம் நிலமன்று, நீருமன்று. கொடியின் இயல்பை அறியாமையே காரணமாகும்.

கொடியின் இயல்பு

முந்திரிகை குளிர்காலமுள்ள நாடுகளில் பன்னெடுங்காலம் பயிரிடப்பட்டு வந்த கொடியாகும். அந்நாடுகளிலே குளிர்காலம் வந்ததும் இலைகள் உதிரும்; கொடி உறங்கும். இளவேனிலில் அரும்புகள் விழித்து, புதுத் துளிர்களோடு பூங்குலைகளும் தோன்றும். ஆகவே அங்கு ஆண்டிற்கு ஒரு விளைவே கிடைக்கும். நமது வெப்ப நாட்டிலோ கொடிக்கு உறக்கமில்லை. அது ஆண்டு முழுவதும் நுனியிலே வளர்ந்துகொண்டே செல்லும். அடியிலுள்ள அரும்புகள் விழிப்பதில்லை. குளிர் செய்யும் வேலையை இங்கு கத்தி செய்தல் வேண்டும். முற்றிய கொடியை வெட்டியவுடன் எஞ்சியுள்ள அரும்புகள் விழிக்கும். அவற்றிலிருந்து வரும் புதுத் துளிரிலேயே குலை தோன்றும். இவ்வாறு ஆண்டிற்கு இரு முறை வெட்டி இரு விளைவு பெறலாம்.

வலிகாமத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். நட்டு மூன்று ஆண்டாகியும் அவ்வீட்டுக் கொடி காய்க்கவில்லை. பந்தலின் கீழே பகலிலும் இருளாயிருந்தது. “பிள்ளைபோல வளர்த்ததை எப்படித் தம்பி வெட்டுகிறது?” என்றார் அவ்வீட்டு அம்மையார். இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கொடியை அடியோடு தறித்துவிடலாம் என்பது அவர் கணவரின் எண்ணம். இருவருக்கும் கொடியின் இயல்பை விளக்கி, தை மாத நடுப்பகுதியில் முறைப்படி கத்தரித்துக் கொடுத்தோம். வைகாசி மாதத்தில் அவ்வம்மையார் தம் கையாலேயே பழம் பறித்துத் தந்தார். அன்று வெட்டப்பட்ட துண்டுகள் அயல் வீடுகள் சிலவற்றில் இன்று கொடிகளாயுள்ளன.

இனமும் நாற்றும்

குடாநாட்டில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருவது இஸ்ரேல் புளூ என்னும் கருநிறப் பழ இனமாகும். புதிதாகத் தொடங்குவோர் இதனையே நடுதல் நன்று. விதையிலிருந்து வளரும் கொடி தாயைப்போல இராது. ஆதலால் வெட்டுத்துண்டுகளையே பயன்படுத்தல் வேண்டும்.

நன்றாகக் காய்த்த, நோயற்ற கொடியைக் கத்தரிக்கும்போது, பென்சிற் பருமனுடைய கபில நிறமான முற்றிய கொடிகளைத் தெரிந்து, நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டுக. அடிப்புறத்தைக் கணுவிற்குச் சற்றுக் கீழே நேராகவும், மேற்புறத்தை அரும்பிற்கு ஓர் அங்குலம் மேலே சரிவாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை நேராது. இரு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு பைகளில் நட்டு நிழலில் வைத்து, மண் காயாதபடி நீரூற்றி வருக. துளிர் வந்தமையால் வேர் வந்துவிட்டது என்று எண்ணலாகாது. துண்டிலுள்ள உணவைக் கொண்டே முதல் இலைகள் விரியும். ஆகையால் இரண்டு மூன்று மாதம் பொறுத்திருந்து, வேர் பை நிறைந்த பின்னரே நிலத்தில் நடுதல் வேண்டும்.

நிலமும் நடுகையும்

நீர் தேங்காத செம்மண் நிலம் மிகவும் ஏற்றது. சுண்ணாம்புக் கல் மேலாக உள்ள நிலத்தில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் காணலாம். இது பெரும்பாலும் இரும்புச் சத்தைக் கொடி உறிஞ்ச இயலாமையால் வருவது. அத்தகைய நிலத்திற்குச் சேதனப் பசளையை மிகுதியாக இடல் வேண்டும். உவர் நீர்க் கிணறுள்ள வளவில் முந்திரிகையை நடாதிருத்தலே நன்று.

மூன்று அடி நீளம், அகலம், ஆழமுள்ள கிடங்கு வெட்டி, மேல்மண்ணை ஒரு புறமாகவும் அடிமண்ணை மறுபுறமாகவும் குவித்து, சில நாள் வெயிலில் ஆறவிடுக. பின்னர் பூவரசங் குழை, கிளிசிறிடியாக் குழை ஆகியவற்றை அடியில் இட்டு மிதித்து, மேல்மண்ணோடு 20 கிலோகிராம் உக்கிய மாட்டெருவும் அரைக் கிலோகிராம் எலும்புத்தூளும் கலந்து நிரப்புக. குழை உக்கி மண் அமிழ்ந்த பின்பு நடுக. பெருமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் நடுகைக்கு உகந்தவை.

பந்தலும் பயிற்றுவித்தலும்

ஆள் நிமிர்ந்து நின்று கைநீட்டி வேலை செய்யத்தக்க ஆறரை அடி உயரத்தில் பந்தல் அமைதல் வேண்டும். கறையானுக்கு இரையாகாத கொங்கிறீற்றுத் தூண்களை நாட்டி, நாகமுலாம் பூசிய கம்பிகளை ஓர் அடி இடைவெளியில் இழுத்துக் கட்டுக. சோளகக் காற்று வலிதாக வீசும் வெளியான இடங்களில் தென்மேற்குப் புறத்தில் உயிர்வேலி இருத்தல் நன்று.

நட்ட கொடியில் வலிய துளிர் ஒன்றை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிடுக. அதனை ஊன்றுகோலிற் கட்டி நேராக ஏற்றுக. பந்தலை அடைந்ததும் நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசைகளில் இரு கைகளை ஓடவிடுக. அவையும் மூன்றடி சென்றபின் கிள்ளப்பட்டால் பக்கக் கிளைகள் தோன்றும். இக்கிளைகளை ஒன்றன்மேலொன்று படராதவாறு பந்தலிற் பரப்பிக் கட்டுதல் வேண்டும். கிளையை வாழைநாரினாற் தளர்வாகக் கட்டுக. கம்பியினாற் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுபடும்.

கத்தரித்தல்

நட்டு ஓராண்டிற்கு மேலாகி, பக்கக் கிளைகள் பச்சை நிறம் மாறிக் கபிலமாக முற்றிய பின்னரே முதன்முறை கத்தரித்தல் வேண்டும். கத்தரித்ததிலிருந்து பழம் பறிக்க ஏறக்குறைய நான்கு மாதம் செல்லும். பூவும் பழமும் மழையில் அகப்படலாகாது. இவ்விரண்டையும் கருத்திற்கொண்டு காலத்தை வகுத்துக்கொள்ளல் வேண்டும். தை நடுப்பகுதியில் வெட்டினால் வைகாசியிற் பழம் கிடைக்கும். மூன்று வாரம் கொடியை ஆறவிட்டு ஆனித் தொடக்கத்தில் வெட்டினால், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாதி இறுதியில் இரண்டாம் விளைவு கிடைக்கும். பின் மழைக்காலம் முழுவதும் கொடிக்கு ஓய்வாகும்.

செய்யும் முறை வருமாறு:

1. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே நீர் இறைப்பதை நிறுத்துக.

2. மெலிந்தனவும், காய்ந்தனவும், நோயுற்றனவுமான கொடிகளை அடியோடு நீக்குக.

3. முற்றிய கொடிகளில் ஐந்து அரும்புகளை விட்டு எஞ்சியதை வெட்டுக. அருகிலுள்ள கொடியொன்றில் இரண்டு அரும்புகளை மட்டும் விடுக; அதிலிருந்து வருவது அடுத்த முறைக்குரிய காய்க்குங் கொடியாகும்.

4. எஞ்சிய இலைகளையும் கிள்ளி, குப்பையோடு சேர்த்து எரித்துவிடுக. அவற்றில் நோய் தங்கியிருக்கும்.

வெட்டிய வாயிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது வேரிலிருந்து ஏறும் நீரேயன்றி வேறன்று. சில நாளில் நின்றுவிடும். எத்தனையாவது அரும்பிற் குலை வருகிறது என்பது இனத்திற்கும் கொடியின் பருமனுக்கும் ஏற்ப மாறுபடும். ஆதலால் முதல் ஆண்டில் சில கொடிகளில் மூன்றும், சிலவற்றில் ஐந்தும், சிலவற்றில் ஏழும் அரும்புகளை விட்டுப் பார்த்து, எதிற் குலை மிகுந்தது எனக் குறித்து வைத்துக்கொள்க. உமது கொடிக்கு உமது குறிப்பே சிறந்த வழிகாட்டியாகும்.

பசளையும் நீரும்

ஒவ்வொரு முறை கத்தரித்த பின்பும், தண்டிலிருந்து இரண்டடி விலகி வட்டமாக ஆழமற்ற சால் எடுத்து, 20 கிலோகிராம் உக்கிய எருவும் பச்சைக் குழையும் இட்டு மூடி நீர் பாய்ச்சுக. குழை தாழ்த்தல் நம் முன்னோர் புகையிலைக்கும் மரக்கறிக்கும் கைக்கொண்ட முறையே. முந்திரிகைக்கும் அது பொருந்தும்.

யூரியாவை அள்ளி இடுவோர் இரு தீங்குகளைத் தேடிக்கொள்கின்றனர். முதலாவது, இலை மிகுந்து குலை குறையும்; மெல்லிய இலையில் நோயும் எளிதிற் பற்றும். இரண்டாவது தீங்கு பெரிது. குடாநாட்டின் நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கித் தங்கும் நீராகும். கொடி உறிஞ்சாத நைதரசன், நைத்திரேற்றாக மாறி அவ்வழியே கிணற்றை அடையும். ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்; குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டப்பட்டுள்ளமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. அத்தகைய நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. கொடி நிற்கும் வளவிலேயே குடிகிணறும் இருத்தலால், மண்ணைப் பரிசோதித்து அறியாது இரசாயனப் பசளை இடுதல் தகாது.

கத்தரித்த பின் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை நீர் பாய்ச்சுக. காய் பருக்குங் காலத்தில் நீர் குறையலாகாது. நிறம் மாறத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, பறிப்பதற்கு ஒரு வாரம் முன் நிறுத்துக. அவ்வாறு செய்யாவிடின் பழம் வெடிக்கும், இனிப்பும் குன்றும்.

நோயும் காவலும்

இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டாற்போன்ற மஞ்சட் புள்ளியும், அதன் நேர்க் கீழ்ப்புறம் வெண்பஞ்சுபோன்ற படையும் தோன்றின் அது கீழ்ப்பூஞ்சண நோயாகும். ஈரமான காலத்தில் இது விரைந்து பரவும். 1878ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலிருந்து பிரான்சை அடைந்து, அந்நாட்டு முந்திரிகைத் தோட்டங்களை அழிவின் விளிம்பிற்குக் கொண்டுசென்றதும் இந்நோயே. போடோப் பகுதியிலே, தெருவோரக் கொடிகளிற் பழம் திருடுவோரைத் தடுப்பதற்காகச் சிலர் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்து இலைகளிற் பூசியிருந்தனர். அக்கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதைக் கண்ட மில்லார்தே என்னும் பேராசிரியர், ஆராய்ந்து 1885இல் வெளிப்படுத்திய மருந்தே போடோக் கலவையாகும்.

அதனை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் செப்புச் சல்பேற்றை 5 லீற்றர் நீரில் ஒரு பிளாத்திக்கு வாளியிற் கரைக்க. 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை மற்றொரு வாளியிற் சிறிது நீர்விட்டு நீற்றி, 5 லீற்றர் ஆக்கி வடிகட்டுக. செப்புக் கரைசலைச் சுண்ணாம்பு நீரிற் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் தோய்த்தெடுக்க. அதிற் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். செய்த அன்றே இலையின் இருபுறமும் படத் தெளிக்க. இளந்துளிருக்கு இரட்டிப்பு நீர் சேர்த்துத் தெளிக்க. காய் நிறம் மாறத் தொடங்கிய பின் தெளிக்கலாகாது.

இலையிலும் காயிலும் சாம்பல் தூவினாற்போலத் தோன்றுவது தூட்பூஞ்சண நோய். இதற்கு நனையத்தக்க கந்தகத் தூள் ஏற்றது. வெயில் ஏறிய வேளையிற் தெளித்தால் இலை கருகும். பந்தலில் இலை நெருங்காது காற்றும் ஒளியும் புகுமாறு வைத்திருத்தலே இரு நோய்க்கும் முதற் காவல்.

அணில், வௌவால், பறவை ஆகியவற்றிற்கு வலையிடுக. குலைகள் சிலவாயின் கடதாசிப் பையினால் மூடுக.

பறித்தல்

நிறம் கண்டவுடன் பறிக்கலாகாது. மாம்பழம்போல முந்திரிகை பறித்தபின் இனிப்பதில்லை. குலையின் நுனியிலுள்ள பழத்தைச் சுவைத்துப் பார்த்து, அது இனித்தால், காலை வேளையிற் காம்போடு வெட்டி எடுக்க. இளங்கொடியில் துளிருக்கு ஒரு குலைக்கு மேல் விடாதிருப்பின் பழம் பருமனாகும், கொடியும் இளைக்காது.

கத்தரிக்க முதன்முறை அஞ்சுவோர், தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு, தை பிறக்குமுன் அறிவித்தல் நன்று. ஒரு கொடியை அவரோடு நின்று வெட்டிப் பழகியவர், அடுத்ததைத் தாமே வெட்டுவர்.