மாட்டைப் புதைத்துவிட்டு மனு எழுதாதீர்கள்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலே இல்லாத தருமபுரியையும் விடவில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் கொட்டியது 33 செ.மீ. மழை. அரசு நிவாரணம் அறிவித்தது: சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், இறந்த பசு, எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்திருந்தால் ஹெக்டேருக்கு இறவைப் பயிருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500.

அறிவிப்பைப் படித்துவிட்டு, பணம் தானாக வரும் என்று உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம். வராது. சேதப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறினால்தான் வரும். அந்தப் பட்டியல் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் தொடங்கி, வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகிறது. கணக்கெடுப்பு முடிந்தபின் ஓடுவதில் பயனில்லை.

முதலில் போட்டோ. இடிந்த சுவரை அப்புறப்படுத்துமுன், வீடு முழுதும் தெரிய எடுங்கள். மாடு செத்தால் நாற்றமெடுக்கும் என்று உடனே குழி வெட்டாதீர்கள். அரசு கால்நடை மருத்துவரை அழைத்து, பரிசோதித்துச் சான்று வாங்கிய பிறகே புதையுங்கள். மாட்டைப் புதைத்தபின் எந்த மருத்துவராலும் எதையும் சான்றளிக்க முடியாது.

எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கல்தான் பயிர் நிவாரணத்துக்கு உயிர். வயலில் மரவள்ளி அழுகிக் கிடக்கும். அடங்கலில் அது தரிசு என்றிருக்கும். வயலுக்கே வராமல் அடங்கல் எழுதும் அலுவலர்கள் மேல் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் விதைத்தவுடன் போய்ப் பதியச் சொல்லாத நம்மையும் சொல்ல வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றுக்கு மழைக்குப் பிறகு அலைவதைவிட இப்போதே அலையுங்கள்.

பயிர்க் காப்பீடு தனிக் கதை. அதற்கும் அரசு நிவாரணத்துக்கும் சம்பந்தமில்லை. ஒன்றுக்குச் சொன்னால் மற்றொன்றுக்குச் சொன்னதாகாது. அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் நனைந்தால், காப்பீடு செய்தவர் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

வி.ஏ.ஓ. "எழுதிக்கிட்டேன், போங்க" என்றால் போகாதீர்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் தாலுகா அலுவலகம். அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள். வாய்வார்த்தையை நம்பி ஒப்புகை இல்லாமல் திரும்பாதீர்கள்.

அதற்குப் பிறகும் பணம் வரவில்லையென்றால், 2005 தகவல் உரிமைச் சட்டப்படி தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் மழுப்புவார்கள். எங்கள் ஊர்ச் சேதப் பட்டியலின் நகல் வேண்டும், இத்தனையாம் தேதி கொடுத்த என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.