முதல் கூலி யாருக்கு?

மதுரையின் சுவர்களைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் செய்தித்தாள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. எந்த வீட்டில் பெண் பெரியவளானாள், எந்தக் குழந்தையை எந்த மாமன் மடியில் வைத்துக் காது குத்தப் போகிறார்கள், எந்தக் கடைக்காரருக்கு அறுபது நிறைந்தது, எந்தப் பெரியவர் நேற்றிரவு சிவலோக பதவி அடைந்தார் என்கிற சமாசாரங்களையெல்லாம், சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பாலத்தைக் கடந்து கோரிப்பாளையம் வரை நடக்கிற ஒருவன், இரு மருங்கிலும் ஒட்டியுள்ள போஸ்டர்களிலிருந்தே தெரிந்துகொண்டுவிடலாம். துக்கமோ சந்தோஷமோ, அதைத் தெருவுக்குச் சொல்லிவிட்டால்தான் மனம் ஆறும் என்று கருதுகிற ஜனங்கள் வாழும் ஊர் அது. அந்தச் சுபாவத்தை நம்பி ஜீவனம் நடத்தியவர்கள் பலர்: போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டு, டி.டி.பி. கடைக்காரர், போட்டோ ஸ்டூடியோக்காரர், கல்யாணப் பத்திரிகைக்கு வாழ்த்துப்பா கட்டிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோயில் கொடைக்கு வந்து வாசிக்கும் மெல்லிசைக் குழுவினர். கலைஞர்கள் என்று இவர்களை எவரும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியதில்லை. ஆயினும் ஒரு தெருவுக்கு வேண்டிய கலை முழுவதையும் உண்டாக்கித் தந்தவர்கள் இவர்களே.

செயற்கை நுண்ணறிவு மனிதனின் கற்பனைத் தொழிலைப் பறித்துக்கொள்ளுமா என்னும் விசாரம் இப்போது எல்லா இடங்களிலும் நடக்கிறது. ஆனால் அந்த விசாரத்தில் அடிபடுகிற பெயர்கள் மகாகவிகளும் சங்கீத மேதைகளும் சினிமா டைரக்டர்களுமே. அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டு திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்து, யந்திரம் எழுதியதை எழுத்தாளன் எழுதிய இலக்கியமாகக் கொள்ளலாகாது என்ற ஷரத்தைத் தங்கள் ஒப்பந்தத்திலே சேர்க்கச் செய்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள், எழுதாமல் நிறுத்தினால் நின்றுபோகிற தொழிற்சாலையும் இருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்கிறவன் வேலை நிறுத்தம் செய்தால் யாருக்குத் தெரியும்? அவன் நிறுத்துவதற்கு முன்பே வேலை அவனை நிறுத்திவிடுகிறது.

வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தொன்றில், பத்தடிக்குப் பத்தடி அறையில் இயங்கும் ஒரு டி.டி.பி. கடையில் அண்மையில் நான் கண்ட காட்சியை இங்கே சொல்வது பொருந்தும். அந்தச் சந்தின் முனையில் நெடுங்காலம் பூக்கட்டி விற்ற கிழவி ஒருத்தி இறந்துபோயிருந்தாள். விடிந்தும் விடியாமலும் அவளுடைய பேரன், கல்லூரியில் படிக்கிற பையன், கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தான்.

"ராத்திரியே ஏ.ஐ.ல போட்டு ரெடி பண்ணிட்டேன்ணே. நீங்க பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதும்."

கடைக்காரர் அதை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். படம் அழகாகத்தான் இருந்தது. பின்னணியில் மேகங்கள், மேகங்களுக்கிடையே ஒளி, ஒளியின் நடுவே வெள்ளைவெளேரென்ற பல் வரிசையுடன் சிரிக்கும் ஒரு மூதாட்டி.

"தம்பி, ஒங்க அப்பத்தாவுக்குத் தண்டட்டி எங்கப்பா?"

பையன் விழித்தான். தோள் வரைக்கும் தொங்கிய காதும், அதில் ஆடிய தண்டட்டியும், கன்னத்து அம்மைத் தழும்பும் போய், எந்தத் தெருவிலும் பூ விற்றிராத ஒருத்தி அந்தப் படத்தில் இருந்தாள். பின்னாலேயே வந்த அவன் தகப்பனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது யார்றா?" என்று கேட்டாரே தவிர வேறொன்றும் பேசவில்லை. அதன் பிறகு கடைக்காரர், பேத்தி கல்யாண ஆல்பத்தில் நாலு பெண்களுக்கு நடுவே கிழவி நிற்கிற போட்டோ ஒன்றை வரவழைத்து, அவள் தோள்மேல் இருந்த யாரோ ஒருத்தியின் கையை நீக்கி, அந்த இடத்துக்குச் சேலையை ஒட்டவைத்து, தண்டட்டியின் மினுக்கு மங்காமல் தலைமுடியின் ஓரங்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உதவிப் பையன் கண்கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சம்பவத்தைச் சொன்னதன் நோக்கம் யந்திரத்துக்குக் கிழவியைத் தெரியாது என்று நிலைநாட்டுவதன்று. அது எளிதில் நீங்கக்கூடிய குறை. சில வருஷங்களுக்கு முன் படத்துக்குள் தமிழ் எழுதச் சொன்னால் கொம்பும் சுழியும் இடம் மாறி, எந்த மொழியிலும் சேராத எழுத்துக்களைக் கொட்டிய அதே யந்திரம், இன்று அதில் கணிசமாகத் தேறிவிட்டது. தண்டட்டியையும் அது நாளைக்குக் கற்றுக்கொள்ளும். என் கவலை முழுவதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பையனைப் பற்றியது. போட்டோவிலுள்ள முடியை வெட்டியெடுக்கிற அற்ப வேலையை யந்திரம் ஒரு நொடியில் செய்து முடித்துவிடுமானால், அவனை அந்த ஸ்டூலில் உட்கார்த்திவைத்துச் சோறு போட எந்தக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும்?

போர்டு எழுதும் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தை நினைவுகூர்வோம். ஆர்ட்டிஸ்டிடம் சேருகிற சிறுவன் முதலில் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவுவான். பிறகு தகரத்துக்கு முதல் பூச்சு அடிப்பான். நூலில் சுண்ணம் தோய்த்துக் கோடு அடிப்பான். குரு ஓரங்கட்டி விட்டுப்போன எழுத்துக்குள் வர்ணம் நிரப்புவான். 'ழ'கரத்தின் சுழி எங்கே தடித்து எங்கே மெலிய வேண்டும் என்பது, எவரும் வாய்திறந்து சொல்லாமலே, இப்படி நிரப்பி நிரப்பித்தான் அவன் கைக்குள் இறங்கும். முகம் வரைகிற உரிமை கடைசியில்தான் கிடைக்கும். இவ்வளவு காலமும் அவனுக்கு டீயும் வடையும் படிக்காசும் தந்தது கலையன்று. சலூனுக்கும் பலசரக்குக் கடைக்கும் எழுதிய மலிவான போர்டுகள்தாம்.

"பிளெக்ஸ் வந்தபோதும் இப்படித்தானே அழுதீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளெக்ஸ் பானர் வந்து தூரிகையை ஒரே மூச்சில் தள்ளிவிட்டது உண்மை. ஆனால் அன்று தொழிலின் கருவி மாறிற்று. கற்றுக்கொள்கிற முறை மாறவில்லை. பிரஷ் கழுவிய பையனுக்குப் பதிலாக, மௌஸைப் பிடித்துக்கொண்டு, காதணி விழாவுக்கு வருகை தரும் தாய்மாமன்மார் ஐம்பது பேரின் தலைகளை வெட்டி வரிசையில் அடுக்குகிற பையன் வந்தான். தலை சிறுத்துவிட்டது என்று சண்டைக்கு வந்த மாமனிடம் திட்டு வாங்கி, அளவு, வரிசை, வர்ணம், மரியாதை ஆகிய நான்கையும் அவன் படித்தான். இப்போது வந்திருக்கும் யந்திரம் கருவியை மாற்றுவதோடு நில்லாமல், கற்றுக்குட்டிக்கு உரிய வேலையையே முதலில் எடுத்துக்கொள்கிறது. நாற்றங்காலை மூடிவிட்டு, நடவுக்குப் பயிர் எங்கிருந்தாவது வரும் என்று காத்திருப்பதற்கு ஒப்பானது இது.

பெரியவர்கள் என்று நாம் போற்றுகிற கலைஞர்களின் சரித்திரத்தைப் புரட்டினாலும் இது பிரத்தியட்சமாக விளங்கும். சிவகாசியில் அச்சாகி நம் பூஜை அறைகளுக்கெல்லாம் வந்துசேர்ந்த காலண்டர் தெய்வங்களுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜு, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். கோவில்பட்டியில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். அவரிடம் சேர்ந்து பழகிய சீடர்களே பின்னர் அக்கலையை வளர்த்தவர்கள். எம்.எப். ஹுசேன் பம்பாயில் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதி வயிறு வளர்த்தவர். இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன்பு மேடைக் கச்சேரிகளில் வாசித்து, பிறருடைய பாட்டுக்குக் கிதார் மீட்டி, இன்னொருவருக்கு உதவியாளராகவும் உழைத்தார். 1992-இல் 'ரோஜா' வெளிவருமுன் ஏ.ஆர். ரஹ்மானின் நாட்கள் விளம்பரப் பாட்டுக்களில் கழிந்தன. சில விநாடிகளே ஒலித்து மறையும் அவ்விளம்பர இசையைத்தான் இன்று கடைக்காரன் யந்திரத்திடம் பொருளின் பெயரைச் சொல்லி இனாமாகப் பெற்றுக்கொள்கிறான்.

2025 மார்ச்சு மாதத்தில், தெருவிலுள்ள அத்தனை பேரும் தங்கள் குடும்பப் போட்டோவை ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில் மாற்றி வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்ட கூத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பாணிக்கு உரியவரான ஹயாவோ மியாசாகி, 1963-இல் ஒரு சித்திரப் படக் கம்பெனியில் சேர்ந்தபோது செய்த வேலை என்ன? மூத்த கலைஞர்கள் வரைந்த இரண்டு முக்கியமான படங்களுக்கு நடுவே, கை மெல்ல உயர்வதையும் தலை மெல்லத் திரும்புவதையும் காட்டுகிற இடைப்படங்களை ஒவ்வொன்றாக வரைந்து நிரப்புகிற வேலை. இன்று யந்திரத்திடம் முதலில் ஒப்படைக்கத் துடிக்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. ஒருவருடைய பாணியை எடுத்து அநுபவித்துக்கொண்டே, அந்தப் பாணிக்கு அவர் வந்துசேர்ந்த வழியை அடைக்கிறோம்.

யந்திரத்தின் பக்கமும் சொல்வதற்கு விஷயம் உண்டு. ஐந்நூறு ரூபாய் செலவழிக்க வகையில்லாத இட்லிக் கடைக்காரி, தன் கடைக்கு ஒரு நல்ல போர்டு கைபேசியிலேயே செய்துகொள்ள முடிகிறது என்றால், அதைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் கட்டுப்படியாகாதவள் மட்டுமா அவ்வாறு செய்கிறாள்? மூன்று லட்சத்தில் மண்டபம் பிடித்த வீட்டார் வாழ்த்துப்பாவை யந்திரத்திடம் வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்க வேண்டிய பள்ளிக்கூடங்களிலேயே ஆண்டுமலரின் அட்டைப் படத்தை யந்திரத்தைக் கொண்டு செய்துவிட்டு, உள்ளே மாணவர் கைவண்ணம் என்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள். பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல; இந்தக் கட்டுரையின் தலைப்பில் அச்சாகும் படத்தை யார் வரையப் போகிறார்கள் என்று ஆசிரியரை விசாரித்திருக்கிறேன்.

சர்க்கார் சட்டம் செய்யட்டும், சங்கங்கள் தீர்மானம் போடட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கற்றுக்குட்டிக்கு முதல் கூலி கொடுத்தது எந்தக் காலத்திலும் சர்க்கார் அன்று, தெருதான். கற்றுக்குட்டியின் வேலை கோணலாக இருக்கும், தாமதமாகும், சில சமயம் பிழையோடும் வரும் என்பதைத் தெரிந்தே நம் பாட்டன்மார் அவனிடம் வேலை கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுத் திட்டவும் செய்தார்கள். அடுத்த தடவையும் அவனிடமே போனார்கள். தர்மத்துக்காக அவர்கள் அப்படிச் செய்யவில்லை, வேறு வழியில்லாமல் செய்தார்கள். நமக்கு வேறு வழி வந்துவிட்டபடியால், இனி அதை வேண்டுமென்றே செய்தாக வேண்டும்.

வருகிற சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது உங்கள் தெருவிலும் நீர்மோர்ப் பந்தல் போடுவீர்கள். அதற்குத் தட்டி ஒன்று எழுதியாக வேண்டும். பக்கத்து வீட்டில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் கிறுக்குகிற பையனோ பெண்ணோ நிச்சயமாக இருப்பார்கள். கூப்பிட்டு, இரண்டு டப்பா பெயின்டும் பிரஷும் வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். 'ர்' விட்டுப்போய் 'நீமோர்' என்று எழுதிவிட்டால் திருத்தச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பாராட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், முந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.