கண்ணளவில் பொருந்திய 84 போல்ட்டுகள்

1990 ஜூன் 10 காலை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் ஏறத்தாழ 17,300 அடி உயரத்தில் இருந்தது. திடீரென்று கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. உள்ளிருந்த காற்று வெளியே பாய்ந்த வேகத்தில் கேப்டன் டிம் லாங்காஸ்டரின் உடலில் பாதி விமானத்துக்கு வெளியே போய்விட்டது. ஓடிவந்த பணியாளர் நைஜல் ஆக்டன் அவருடைய இடுப்பை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் சோர்ந்தபோது சக பணியாளர்கள் மாற்றிப் பிடித்தார்கள். துணை விமானி அலஸ்டர் அட்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள். லாங்காஸ்டர் சில மாதங்களில் மறுபடி விமானம் ஓட்ட வந்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விமானி அறையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அதற்கு 27 மணி நேரம் முன்பு ஹேங்கரில் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

அன்று இரவு ஷிப்டில் ஆள் குறைவு. அந்த முன்கண்ணாடியை மாற்றும் வேலையைப் பராமரிப்பு ஷிப்டின் மேலாளரே கையில் எடுத்தார். கண்ணாடியைச் சுற்றி 90 போல்ட்டுகள். கழற்றிய பழைய போல்ட்டில் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அது 7டி வகை. இந்த விமானத்துக்கு 8டி அல்லவா போடுவது என்று ஸ்டோர்காரர் எடுத்துச் சொன்னார். இதுவரை தாங்கிய போல்ட்டு இனியும் தாங்கும் என்று மேலாளர் நினைத்தார். உண்மையில் அந்தப் பழைய போல்ட்டே குறிப்பிட்ட அளவைவிடக் குட்டை.

ஸ்டோரில் போதுமான 7டி இல்லை. வண்டியெடுத்துக்கொண்டு விமான நிலையத்தின் இன்னொரு பகுதியிலிருந்த உதிரிபாக அடுக்குக்குப் போனார். அங்கே வெளிச்சம் மங்கல். பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண்ணளவிலேயே பொறுக்கி எடுத்தார். எடுத்தது 8சி. விட்டத்தில் வெறும் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மரையின் இடைவெளி மட்டும் அச்சாக அதேதான். அதனால் துளைக்குள் போகும், சுழலும், பிடித்ததுபோலவும் இருக்கும்.

இறுக்கும்போதாவது தெரிந்திருக்காதா? குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று நழுவும் திருப்புளியைத்தான் அவர் பயன்படுத்தினார். மெலிந்த போல்ட்டின் மரை நட்டுக்குள் நழுவினாலும் கைக்கு ஏறக்குறைய அதே உணர்வுதான் கிடைக்கும். போல்ட்டின் தலை அதன் குழிக்குள் கூடுதலாக இறங்கியிருந்ததைக் கண்ணால் கண்டிருக்கலாம். ஆனால் அவர் நின்ற மேடையிலிருந்து எட்டிச் சாய்ந்துதான் வேலை செய்ய வேண்டியிருந்தது; அவர் கையே அந்த இடத்தை மறைத்தது. இப்படி 84 போல்ட்டுகள். மீதி ஆறும் பருமன் சரியாக இருந்தாலும் நீளம் குறைந்த பழைய வகை. அந்த விமானத்தில் கண்ணாடியை வெளிப்பக்கத்திலிருந்து பொருத்துவார்கள். மேலே ஏற ஏற உள்காற்று அதை வெளியே தள்ளும், தடுத்து நிறுத்துவது போல்ட்டுகள் மட்டுமே.

அவர் அனுபவசாலி, பொறுப்பானவர் என்று பெயரெடுத்தவர். எனக்கு அச்சம் தருவது அதுதான். விதியை ஒருமுறை சற்றே விலக்கிச் செய்த வேலை கெடாமல் இருந்தால், அடுத்த முறை அந்த விலகலே வழக்கமாகிவிடுகிறது. அனுபவம் சரியானதை மட்டும் கற்றுத்தருவதில்லை, இதுவரை மாட்டிக்கொள்ளாததையும் சரியென்று கற்றுத்தருகிறது. அந்த நழுவலை ஒருவரால் தானாக உணர முடியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் இன்னொருவர் வேண்டும்.

அப்படிப் பார்க்க யாரும் இல்லை. இரண்டாமவர் கட்டாயம் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் முன்கண்ணாடி சேர்க்கப்படவில்லை. செய்தவரே தரத்துக்கும் பொறுப்பு. நிறுவனத்தின் தரத் தணிக்கைகள் ஷிப்டு மேலாளர்கள் வேலை செய்யும் விதத்தை நேரடியாகக் கவனித்ததே இல்லை என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கையில் எழுதியது. விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வுக்கு உட்பட வேண்டும். உரிமம் வாங்கிய பராமரிப்புப் பொறியாளருக்கு அதற்கு ஈடான ஏற்பாடு அன்று இல்லை. அவர்களுக்கும் குறித்த கால இடைவெளியில் பயிற்சியும் தேர்வும் வைப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. மூக்குக்கண்ணாடி தேவைப்படுபவர்கள் வேலையின்போது அதை அணிய வேண்டும் என்பதும் பரிந்துரைகளில் இடம்பெற்றது; மேலாளர் அன்று தன் கண்ணாடியைப் போட்டிருக்கவில்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013-இல் பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே 19-ஆம் இணைப்பைக் கொண்டுவந்தது. ஊழியர்கள் பயிற்சி பெற்றால் மட்டும் போதாது, தகுதியோடும் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. பயிற்சிக்கு வருகைப் பதிவேடு சாட்சி சொல்லும். தகுதிக்கு வேலை நடக்கும் இடத்தில்தான் சாட்சி கிடைக்கும். அந்த ஸ்டோர்காரருக்குச் சரியான எண் தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தார். மேலதிகாரி கேட்காதபோது அதை இன்னும் அழுத்திச் சொல்ல அவருக்குப் பழக்கம் வேண்டும், கேட்டு நின்று யோசிக்க மேலதிகாரிக்குப் பழக்கம் வேண்டும். இரண்டையும் திறமையாகவே எண்ணிப் பயிற்றுவிக்க வேண்டும் என்பேன். திறமையைச் சோதிக்கப் போகிறவரும் பகல் பத்து மணிக்குக் கோப்பைப் புரட்டிவிட்டுத் திரும்பினால் பயனில்லை. ஆள் குறைந்த ஷிப்டில், பின்னிரவில், உதிரிபாக அடுக்கின் முன்னால் போய் நின்று பார்க்க வேண்டும்.