மட்பானை முத்திரை

உப்பளத்துக் கடையொன்றில் சோப்பு வாங்கினோம். உறையின்மேல் பச்சை இலையொன்றை அச்சிட்டு, "இயற்கையின் நண்பன்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குச் சாட்சி யார்? உற்பத்தி செய்தவரே! தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்வதை எந்த நியாயஸ்தலம் ஒப்பும்?

அயலார் சாட்சிக்கு வழியில்லாமலில்லை. 1978-ல் ஜெர்மனி 'நீலத் தேவதை' முத்திரையை ஏற்படுத்திற்று. 1991-ல் இந்திய சர்க்கார் மட்பானைச் சின்னத்துடன் 'ஈகோமார்க்' திட்டத்தை வகுத்தது. மண்ணில் பிறந்து மண்ணுக்கே திரும்பும் பானையினும் தக்க சின்னம் ஏது? ஆயினும் முத்திரை கோரி வந்த உற்பத்தியாளர் வெகு சிலரே, ஜனங்களும் கேட்டாரில்லை. 2024-ல் புது விதிகள் பிறந்தன. அவ்வருஷமே, ஆதாரமின்றிப் பசுமை பேசும் விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளும் வந்தன.

சட்டம் மட்டும் போதுமா? போதாது. மில் நூல் துணியைக் கதரென்று விற்றவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆகவே, 1925-ல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கம் கதர்க் கடைகளுக்கு அத்தாட்சி வழங்கிற்று. அத்தாட்சியை விசாரித்து வாங்கிய ஜனங்களாலேயே அதற்கு மதிப்புண்டாயிற்று.

வாசகர்களே! இனிக் கடையில் பச்சை இலையைக் கண்டு மயங்காதீர்கள். "பானை முத்திரை எங்கே?" என்று கேளுங்கள். கேட்பாரில்லாத சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.