சிறு தச்சுக்கூடமும் மேசை ரம்பமும்

நமது நாட்டின் தொன்மையான கைத்தொழில்களுள் தச்சுத்தொழில் ஒன்றாகும். பெரிய மரச்சாமான் தொழிற்சாலைகள் பல தோன்றிவிட்ட போதிலும், கதவு, சன்னல், கட்டில், அலமாரி ஆகியவற்றுள் கணிசமான பகுதியை இன்றும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு தச்சுக்கூடங்களே செய்து தருகின்றன. 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின் கீழ் வரும் 18 தொழில்களுள் தச்சுத்தொழிலும் இடம்பெற்றுள்ளது. கருவிகள் வாங்க ரூ.15,000 வரை ஊக்கத்தொகையும், 5 சதவீத வட்டியில் பிணையில்லாக் கடனாக முதலில் ரூ.1 லட்சமும் பின்னர் ரூ.2 லட்சமும் பெற இத்திட்டம் வகை செய்கிறது.

இத்தகைய உதவி கிடைக்கும்போது தச்சர்கள் பலரும் முதலில் வாங்க விரும்பும் இயந்திரம், தூக்கிச் செல்லக்கூடிய மேசை ரம்பமாகும். கடையில் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு: எத்தனை குதிரைசக்தி? என்ன விலை? இவ்விரண்டும் தேவையான கேள்விகளே. ஆயினும் இவை மட்டும் போதா. செய்யவிருக்கும் வேலை, ரம்பத்தின் துல்லியம், கூடத்தின் மின்வசதி, இயக்குபவரின் பாதுகாப்பு ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணியே தேர்வு அமைய வேண்டும்.

கருவியின் அமைப்பு

மேசை ரம்பம் என்பது, ஒரு தட்டையான உலோக மேசையின் நடுவிலுள்ள பிளவின் வழியே வட்ட ரம்பம் மேலெழுந்து சுழலும் அமைப்பாகும். இதில் ரம்பம் நகர்வதில்லை. மரமே ரம்பத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. ரம்பத்திற்கு இணையாகப் பொருத்தப்படும் பக்கச் சட்டம், வெட்டின் அகலத்தை நிர்ணயிக்கிறது. தூக்கிச் செல்லும் வகை ரம்பங்களில் பொதுவாக 10 அங்குல, அதாவது 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட ரம்பம் பொருத்தப்படுகிறது. இது நேராக நிற்கும்போது ஏறத்தாழ 75 முதல் 80 மில்லிமீட்டர் கனமுள்ள மரத்தை அறுக்கும். 45 பாகை சாய்த்தால் அறுக்கும் ஆழம் ஏறத்தாழ 50 முதல் 55 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும்.

செய்பொருளே முதல் அளவுகோல்

தலைநகர் தில்லியின் கீர்த்தி நகர், மரச்சாமான் வணிகத்திற்குப் பெயர் பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர், சீஷம், மா ஆகிய மரங்களில் செய்யப்படும் செதுக்கு வேலைப்பாடுகளுக்குப் புகழ் பெற்றது. இவ்விரு வகை வேலைகளையும் ஒப்பிட்டால், ஒரே ரம்பம் எல்லோருக்கும் பொருந்தாது என்பது விளங்கும்.

அலமாரியும் சமையலறைப் பெட்டகமும் செய்பவருக்கு மூலப்பொருள் பிளைவுட் பலகை. அதன் வழக்கமான அளவு 8 அடிக்கு 4 அடி. அதாவது 2,440 க்கு 1,220 மில்லிமீட்டர். இதை நீளவாட்டில் இரண்டு சம பாகமாக அறுக்க, பக்கச் சட்டம் ரம்பத்திலிருந்து குறைந்தது 610 மில்லிமீட்டர் விலக வேண்டும். இந்த அளவுக்கு விலகாத ரம்பத்தை வாங்குபவர், முழுப் பலகையைப் பிளக்க மீண்டும் கைரம்பத்தையே நாட நேரிடும். 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு முழுப் பலகை ஏறத்தாழ 35 கிலோகிராம் எடையுள்ளது. தூக்கிச் செல்லும் ரம்பங்கள் பலவற்றின் எடை அதைவிடக் குறைவு. ஆகவே ரம்பத்திற்குப் பின்புறம் அதே உயரத்தில் பலகையைத் தாங்க ஒரு தாங்கு மேசை இன்றியமையாதது. அது இல்லையெனில், வெட்டு முடியும் தறுவாயில் பலகையும் ரம்பமும் சேர்ந்து சரியக்கூடும்.

தட்டு, பேழை, படச்சட்டம் போன்ற சிறு பொருள்களைச் செய்பவரின் தேவை வேறு. அவருக்கு அகன்ற மேசையைவிட, அசையாத பக்கச் சட்டமே முக்கியம். சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலும் பேழையின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே வாங்குமுன் சட்டத்தைப் பூட்டி, ரம்பத்தின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் அளந்து பார்க்க வேண்டும். பின்முனையைக் கையால் தள்ளி அது அசைகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

ரம்பத்தின் பற்களும் வேலைக்கேற்ப மாறும். மரத்தை நீளவாட்டில் அறுக்க 24 பற்கள் கொண்டது ஏற்றது. பொது வேலைக்கு 40 பற்கள் போதும். பிளைவுட்டின் மேற்பரப்பு சிதறாமல் அறுக்க 60 அல்லது 80 பற்கள் கொண்டது தேவை. ஒரே ரம்பத்தைக் கொண்டு எல்லா வேலைகளையும் செய்ய முயல்வதால் மரம் கருகுவதும் மோட்டார் சூடேறுவதும் நேர்கின்றன. இக்குறைக்கு மோட்டாரின் மீது பழி சுமத்துவது பொருந்தாது.

மின்வசதி

தூக்கிச் செல்லும் ரம்பங்களின் மோட்டார்கள் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 வாட் வரை திறனுள்ளவை. அதாவது ஏறத்தாழ 2 முதல் 2.7 குதிரைசக்தி. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் இவை சுமார் 7 முதல் 9 ஆம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கின்றன. தொடங்கும் கணத்தில் இதைவிடப் பன்மடங்கு ஈர்க்கும். வீட்டு விளக்குகளுக்கான 5 ஆம்பியர் இணைப்பு இதற்குப் போதாது. 15 அல்லது 16 ஆம்பியர் இணைப்பும் முறையான தரையிணைப்பும் தேவை. மெல்லிய நீண்ட கம்பியின் வழியே மின்சாரம் செலுத்தினால் மின்னழுத்தம் குறையும். ரம்பத்தின் வேகம் தளர்ந்து அது மரத்தில் சிக்கிக்கொள்ளும்.

மின்தடை நேரும் ஊர்களில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது, சில ரம்பங்கள் தாமாகவே சுழலத் தொடங்கிவிடும். சிக்கிய மரத்துண்டை எடுக்கத் தச்சர் அத்தருணத்தில் கையை நீட்டியிருக்கக்கூடும். மின்சாரம் தடைப்பட்டதும் தானாகவே துண்டித்துக்கொண்டு, மறுபடி பொத்தானை அழுத்தினால் மட்டுமே இயங்கும் சுவிட்ச் உள்ள ரம்பத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விரல்களின் விலை

நிமிடத்திற்கு 4,800 முறை சுழலும் 10 அங்குல ரம்பத்தின் பல், வினாடிக்கு ஏறத்தாழ 64 மீட்டர் செல்கிறது. இது மணிக்கு 230 கிலோமீட்டர் வேகமாகும். அறுபட்ட மரத்தின் இரு பாதிகளும் நெருங்கி ரம்பத்தின் பின்புறத்தைக் கவ்வினால், மேலெழும் பற்கள் மரத்தைத் தூக்கி இயக்குபவரை நோக்கி எறிந்துவிடும். மரத்தைப் பிடித்திருந்த கையும் அதனுடன் ரம்பத்தின் மீது இழுபடலாம்.

இதைத் தடுப்பது ரம்பத்தின் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு. அறுபட்ட பாதிகள் நெருங்காதவாறு அது விலக்கி வைக்கிறது. ரம்பத்துடன் சேர்ந்து ஏறி இறங்கும் தகடே சிறந்தது. அதன் கனம் ரம்பத் தட்டின் கனத்தைவிட அதிகமாகவும், வெட்டுத்தடத்தின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். இதனுடன் மேற்காப்பு உறையும், சிறு துண்டுகளைத் தள்ள ஒரு தள்ளுகோலும் தேவை. வேலைக்கு இடைஞ்சல் என்று கருதி இவற்றைக் கழற்றி மூலையில் போட்டுவிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய உறையே நாள்தோறும் பயன்படும் உறையாகும். ஆகவே கடையிலேயே அதை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பது நன்று.

செலவைச் சுருக்க எண்ணிச் சிலர் கல் அறுக்கும் 4 அங்குலக் கருவியில் மர ரம்பத்தைப் பொருத்துகின்றனர். வேறு சிலர் கைவட்ட ரம்பத்தைப் பலகையின் அடியில் தலைகீழாகப் பூட்டி மேசை ரம்பமாக்கிக் கொள்கின்றனர். கல் அறுக்கும் கருவி நிமிடத்திற்கு 12,000 முறைக்கும் மேல் சுழல்வது. இவ்வாறு அமைக்கும்போது பிளவுத் தகடோ, உடனே நிறுத்தும் வசதியோ பெரும்பாலும் இருப்பதில்லை. மிச்சமாகும் தொகை சில ஆயிரம் ரூபாய். பணயமாக வைக்கப்படுவது கை.

மரத்தூளும் புறக்கணிக்கத்தக்கதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995 ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே தூளை உறிஞ்சும் குழாய் பொருத்துவதற்கான வாய் உள்ள ரம்பமும், முகக் கவசமும் தேவை.

சட்டத்தின் எல்லைக்கு அப்பால்

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு அமைப்பதைக் கட்டாயமாக்கியது. ஆயினும் மின்விசையைப் பயன்படுத்தும் கூடங்களில், பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்தியது. 2020 ஆம் ஆண்டில் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய சட்டத்தொகுப்பு, தொழிற்சாலைக்கான இவ்வரம்பை 20 பேராக உயர்த்தியது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் தச்சுக்கூடம் இவ்விரு வரம்புகளுக்கும் வெளியே நிற்கிறது. அங்கு ஆய்வாளர் வந்து உறை பொருத்தப்பட்டுள்ளதா என்று பார்ப்பதை எதிர்பார்க்க இயலாது.

1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஆட்காட்டி விரல் முழுவதையும் இழந்தவரின் சம்பாதிக்கும் திறன் 14 சதவீதம் குறைவதாகவும், கட்டைவிரலை இழந்தவருக்கு 30 சதவீதம் குறைவதாகவும் மதிப்பிட்டது. உளியும் இழைப்புளியும் பிடிக்கும் தச்சருக்கு அந்த இழப்பு இவ்வளவில் நிற்பதில்லை. மேலும், தமக்குத் தாமே முதலாளியாக இருப்பவருக்கு இழப்பீடு தர வேறு முதலாளி இல்லை. கடன் மட்டும் எஞ்சி நிற்கும். ரூ.1 லட்சம் கடனை 5 சதவீத வட்டியில் 18 சம மாதத் தவணைகளில் அடைத்தால், தவணை ஏறத்தாழ ரூ.5,800 ஆகும். கை குணமாகும் வரை தவணை காத்திராது.

எனவே கடன் விண்ணப்பத்தில் ரம்பத்தின் விலையை மட்டும் குறிப்பிடுவது முறையான மதிப்பீடாகாது. இரண்டு வகை ரம்பத் தட்டுகள், தாங்கு மேசை, மின் இணைப்பு, தூள் உறிஞ்சி, முகக் கவசம் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பயிற்சி அளிப்போரும் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர்களும், "எத்தனை குதிரைசக்தி?" என்பதோடு நில்லாமல், "பிளவுத் தகடு உள்ளதா? மின்சாரம் நின்று வந்தால் ரம்பம் தானாக ஓடுமா?" என்ற இரு கேள்விகளையும் கேட்டறிவது பயன் தரும். சட்டத்தின் கண் எட்டாத இடத்தில், தேர்வு செய்யும் நேரத்தில் காட்டும் விழிப்பே தச்சரின் கைக்கும் தொழிலுக்கும் உரிய முதல் காப்பாகும்.