ஊசிக்கு மக்கள் அஞ்சுவது ஏன்?

1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி. பம்பாய் நகரைப் பிளேக் நோய் ஆட்டி வைத்துக் கொண்டிருந்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தமக்கு ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் இரவு பகலாக உழைத்த வால்டெமார் ஹாஃப்கின், தாம் தயாரித்த தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக் கொண்டார். கடும் காய்ச்சல் கண்டது. உயிருக்குக் கேடு நேரவில்லை. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் ஜனங்கள் கையை நீட்ட வேண்டுமே!

அதே பிரச்னை கொரோனாக் காலத்தில் அதே நகரில் மீண்டும் எழுந்தது. 2021 ஜனவரி 16-ஆம் தேதி நாடெங்கும் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. முண்டியடித்தவர்களும் உண்டு, மையத்தின் பக்கமே தலைகாட்டாதவர்களும் உண்டு. தயங்கியவர்களை 'அறியாமை' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் உண்மை அதுவல்ல.

அரசாங்கத்திடம் அச்சம்

பிளேக் காலத்தில் மக்கள் முதலில் அஞ்சியது ஊசிக்கல்ல, அதிகாரிகளுக்கு. வீடு புகுந்து சோதனை, நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டு போதல், உடைமைகளை அழித்தல் என்று கெடுபிடிகள் பெருகின. 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். புனாவில் சிப்பாய்களைக் கொண்டு சோதனை நடத்திய பிளேக் அதிகாரி ராண்ட், 1897 ஜூனில் சுடப்பட்டார். கதவை உடைத்த கையே மருந்தையும் நீட்டினால் யார் நம்புவார்கள்?

இதற்கு மாற்றாக அமைந்தது ஆகாகானின் செயல். இருபது வயதையொட்டிய அந்த இளம் மதத் தலைவர், பலரும் காணத் தாமே ஊசி போட்டுக் கொண்டார். அவரைப் பின்பற்றும் கோஜா மக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை, நம்பிக்கைக்குரிய ஒருவரின் நீட்டிய கை செய்தது.

ஒரு புட்டியால் வந்த வினை

பெற்ற நம்பிக்கையை இழக்க அதிக நேரம் ஆவதில்லை. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக் கொண்டவர்களில் 19 பேர் ரண ஜன்னி கண்டு மாண்டனர். அத்தனை பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. அவர் பதவியை இழந்தார். கிராமத்தில் புட்டியைத் திறந்தபோது கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் வாதாடி, 1907-இல் அவர் மீதிருந்த களங்கம் நீங்கியது. அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

தமிழர்கள் மறக்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2021 ஏப்ரல் 15-இல் சென்னையில் நடிகர் விவேக், மக்களுக்கு முன்மாதிரியாகத் தடுப்பூசி போட்டுக் கொண்டார். ஏப்ரல் 17-இல் மாரடைப்பால் காலமானார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் தெரிவித்தது. ஆனால் வதந்தி ஒரே நாளில் பரவியது. விளக்கம் வர மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில்தான் பயம் வேரூன்றுகிறது.

கூலியா, ஊசியா?

பயம் மட்டுமே காரணமல்ல. ஊசி போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. தினக்கூலிக்கு அது உலை வைக்காத நாள். விடியுமுன் இட்லிப் பாத்திரத்தோடு புறப்படும் தாராவி வியாபாரிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

2021 மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஊசி அனுமதிக்கப்பட்டபோது, இணையத்தில் முன்பதிவு தேவைப்பட்டது. விரல் வேகம் உள்ளவருக்கே இடம் கிடைத்தது. ஸ்மார்ட் போன் இல்லாதவர், மொழி புரியாதவர், வீட்டை விட்டு வர இயலாத முதியவர் பின்தங்கினர். இவர்கள் மறுத்தவர்கள் அல்லர், எட்ட முடியாதவர்கள். வீடு தேடியும் தெருவுக்கே வந்தும் ஊசி போட்டபோது நிலைமை மாறியது.

ரயில் ஏற ஊசி

2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் கழிந்தவர்களே மும்பை மின்சார ரயிலில் பிரயாணம் செய்யலாம் என்றாயிற்று. ரயில் இல்லையேல் பிழைப்பு இல்லை என்ற நகரில் இது பலரை வரிசையில் நிறுத்தியது. கட்டாயம் கூட்டத்தைச் சேர்க்கும், நம்பிக்கையைச் சேர்க்குமா? யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பரேலில் ஹாஃப்கின் பெயர் தாங்கிய நிறுவனம் இன்றும் நிற்கிறது. அது சொல்லாமல் சொல்லும் பாடம் இதுதான்: மருந்தைச் சோதனைக்கூடத்தில் தயாரித்து விடலாம், நம்பிக்கையை நோய் வருவதற்கு முன்பே மக்களிடையே தயாரிக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் தயங்கினால், ஏளனம் செய்யாமல் காரணத்தைக் கேட்பதே அதற்கு முதற்படி.