யார், எதை, எப்போது?

பல பேர் கூடி அடித்தால் பாம்பு சாகாது என்பார்கள் நம் பெரியவர்கள். அதன் பொருளை நாம் ஒரு வெங்காய அறுவடையின்போது கற்றுக்கொண்டோம்.

நமது வேலைக்குழுவின் வட்ஸ்அப்பில், "வியாழக்கிழமைக்கு லொறி சொல்ல வேண்டும்" என்று ஒருவர் எழுதினார். எல்லோரும் பார்த்தார்கள், சிலர் கட்டைவிரலை உயர்த்தியும் காட்டினார்கள். வியாழக்கிழமை லொறி வரவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டோம். அன்றிரவு பெய்த மழையில் மூடைகள் நனைந்தன. பல குடும்பங்களின் உழைப்பு அழுகிப்போயிற்று.

தவறு கைத்தொலைபேசியில் இல்லை. வேலைக்கு ஒரு பெயர் இடப்படவில்லை, அதுதான் தவறு.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு ஆலங்குடாவுக்கு வந்த குடும்பங்களுள் பல, 2009இல் போர் முடிந்தபின் ஒரு காலை இங்கும் மறு காலைச் சொந்த ஊரிலும் வைத்து வாழ்கின்றன. இப்படிப் பிரிந்திருப்போர் சேர்ந்து வேலை செய்வதற்கு இக்கருவி பெரும் உதவி. ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு செய்தியிலும் யார், எதை, எப்போது என்ற மூன்றும் இருக்கட்டும். "செவ்வாய் காலை 6 மணிக்கு நீர் முறை மூத்த மகனுக்கு" என்பது போல. மணல் நிலத்தில் ஒரு முறை தண்ணீர் தவறினாலும் பயிர் வாடிவிடும் அல்லவா?

இரண்டாவது, நீலக் குறி விழுந்தால் பார்த்துவிட்டார் என்றுதான் பொருள்; ஏற்றுக்கொண்டார் என்பதல்ல. பொறுப்பேற்பவர் "நான் செய்கிறேன்" என்றும், முடிந்ததும் "முடிந்தது" என்றும் எழுத வேண்டும்.

மூன்றாவது, தண்ணீருக்கு ஒரு குழு, விற்பனைக்கு ஒரு குழு எனப் பிரித்து வையுங்கள். வாழ்த்துக்களுக்கு வேறு இடம் இருக்கட்டும். அலுவலகங்கள் பயன்படுத்தும் ஸ்லாக் என்ற செயலியும் இப்படித்தான் வேலைக்கொரு அறையாகப் பிரிக்கின்றது. கணினி விளையாட்டொன்றைத் தயாரித்த குழு தன் சொந்த வேலைக்காக உருவாக்கிய கருவி அது. விளையாட்டு தோற்றது, கருவி 2013இல் வெளியே வந்தது. நமக்கோ, கையில் இருக்கும் வட்ஸ்அப்பே போதும்.

நான்காவது, எழுத்து வாசிக்கச் சிரமப்படும் தாய்மாருக்குக் குரலில் பதிந்து அனுப்புங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். இல்லையேல் ஏழைகளே மீண்டும் வெளியே நிற்பார்கள்.

இறுதியாக, கொப்பியைக் கைவிட வேண்டாம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் நம் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022இல் நீண்ட மின்வெட்டுகளையும் அனுபவித்தோம். அந்நாட்களில் கணக்கைக் காப்பாற்றக்கூடியது கொப்பிதான். பணக் கணக்கும் நீர் முறையும் கிழமைக்கு ஒருமுறை அதில் ஏறட்டும்.

இன்றிரவே உங்கள் குழுவைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லாமல் கிடக்கும் வேலை ஏதும் உண்டா? அதற்கு முதலில் ஒரு பெயர் இடுவோம்.